அம்சவள்ளியின் இடது தோள்

பிள்ளை அழுதால் தாய்க்குக் கேட்க வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இப்படி எழுதியிருக்காது. ஆனால் பண்டசோழநல்லூர் மணவாளன் வீட்டார் இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் ஒரு கைக்குழந்தையின் தலையெழுத்தைப் பேசினார்கள். குழந்தை மணவாளனின் தம்பி அரிகரனுடையது. பெற்றவள் அம்சவள்ளி. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

பெண் பார்க்க வந்தபோது இது தெரியாத சங்கதி இல்லை. "மாமியாரும் போய்ச் சேந்துட்டா. திட்றதுக்கு ஆளு இல்லாத வூட்ல காது எதுக்கு?" என்று கேட்டுச் சிரித்தவர்களும் இவர்களேதான். பிள்ளை பிறந்ததும் காது திடீரென்று முக்கியமாகிவிட்டது. வேளைக்கொரு நியாயம் பேசுவதில் நம் சனங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

அரிகரனுக்குத் திருபுவனைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. வில்லியனூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை வீடு. அதே வீட்டின் பின்னறையில் அம்சவள்ளியின் அக்கா செல்வகுமாரி இருந்தாள். அப்பா அம்மா போன பிறகு தங்கச்சியை விட்டு அவள் பிரிந்ததில்லை. கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போது கேட்பவர்களே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அவளும் திருபுவனைக்குத்தான் பஸ் ஏறுவாள். எலக்ட்ரானிக் போர்டுகளில் ஈயம் உருக்கி ஒட்டிய சால்டரிங் சரியாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்துத் தள்ளிவிடும் வேலை.

பிள்ளைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது ஒரு பகலில் அம்சவள்ளி குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே பிள்ளை கத்தித் தீர்த்தது. பக்கத்து வீட்டு சல்மா வந்து தூக்கிக்கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்தாள். நடந்தது அவ்வளவுதான். வில்லியனூரில் ஒருவன் தும்மினால் பண்டசோழநல்லூரில் அவனுக்குச் சன்னி கண்டுவிட்டது என்பார்கள். சாயங்காலத்துக்குள் அங்கே பிள்ளை நீலம் பூத்து மூச்சு நின்றுபோய்ப் பிழைத்ததாகச் சேதி.

மறுநாளே மணவாளனும் அவர் மனைவி தனக்கொடியும் வந்து இறங்கினார்கள். தனக்கொடியைப் பற்றிக் கெட்ட வார்த்தை ஒன்றுகூடச் சொல்ல முடியாது. மூன்று தடவை வயிற்றில் தங்கி மூன்று தடவையும் கலைந்துபோனவள். கரும்பு, நெல், மாடு, ஆள்கூலி என்று ஒரு பெரிய வீட்டையே நிமிர்த்தி வைத்திருப்பவள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அதன் உள்ளங்காலை முகர்ந்துகொண்டே இருந்தாள். பேசினது மணவாளன்.

"எங்கிட்ட இருக்கட்டும்பா. அஞ்சு வயசு வரிக்கும். ஸ்கூலு சேக்கும்போது நீயே இட்டுக்கினு போ. நான் இன்னா வேத்தாளா?"

அரிகரன் தரையைப் பார்த்தான். திருபுவனையில் சூப்பர்வைசரிடம் எகிறிப் பேசுகிறவன், அண்ணன் எதிரில் வந்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. அம்சவள்ளி ஒவ்வொரு முகமாகப் பார்த்து, வாயசைவிலிருந்து பாதியும் தனக்கொடியின் பிடியிலிருந்து மீதியும் புரிந்துகொண்டாள். பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"பேர் வைக்கிற விசேஷம் வரிக்கும் டைம் குடுங்க மாமா," என்றாள் செல்வகுமாரி. "அவளுக்குக் கேக்கிற மாதிரி நான் பண்றன்."

"காதுல மிசின் வெச்சாலும் கேக்காதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்களே?"

"காதுல இல்ல மாமா. தோள்ல."

மணவாளன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை அவளுக்குக் கொஞ்சம் பிடித்தது.

பங்காளி வீட்டில் சாவு விழுந்து விசேஷம் ஏற்கெனவே தள்ளிப் போயிருந்தது. ஆனியில்தான் நாள் பார்த்திருந்தார்கள். அதுவரைக்கும் செல்வகுமாரி செல்போனில் தேடித் தேடி ஒரு பொருளைக் கண்டுபிடித்தாள். துணியில் தைக்கிற போர்டு. ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருக்கும், சுற்றிலும் பொத்தானில் இருப்பதைப் போல ஓட்டைகள். ஊசி நூல் போட்டு இறுக்கினால் துணியோடு துணியாக உட்கார்ந்துவிடும். அதன் வேலை சின்னதுதான். தொட்டிலில் மாட்டும் பெட்டி, குழந்தையின் அழுகையோ வேறு பெரிய சத்தமோ பக்கத்தில் எழுந்தால் கேட்டுச் சேதி அனுப்பும். அந்தச் சேதிக்கு ஒரு மோட்டாரை அசைக்கும் தெம்பு கிடையாது. நடுவில் இந்தப் போர்டு நின்று, சேதியை வாங்கி, பேட்டரியின் பலத்தை மோட்டாருக்கு எடுத்துக் கொடுக்கும். இன்ஜினீயர் முணுமுணுத்ததை மேஸ்திரி சாரத்தில் நின்று கத்திச் சொல்வான் இல்லையா, அந்த வேலை. மோட்டார் செல்போனில் அதிருமே, அதே சாதி.

தைக்க வேண்டியது சாதா நூல் அல்ல, வெள்ளி பூசிய நூல். மின்சாரம் அதன் வழியாகவே ஓடும். ஒயருக்கு இருக்கும் பிளாஸ்டிக் தோல் இந்த நூலுக்குக் கிடையாது. ஆகவே போகிற நூலும் வருகிற நூலும் எந்த இடத்திலும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் பேட்டரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடைத்துக்கொண்டுவிடும், போர்டு செத்த மாதிரி கிடக்கும். பிரித்துவிட்டால் மறுபடி உயிர் வரும். இதை அவள் முதல் வாரத்திலேயே இரண்டு தடவை நூலை ஒட்டவிட்டுக் கற்றுக்கொண்டாள்.

அம்சவள்ளியின் உள்பாடி ஒன்றை எடுத்து அதில் தைத்தாள். இடுப்புக்கு மேலே ஒரு சின்னப் பை, அதில் பேட்டரியும் ஸ்விட்சும். இடது தோள் பட்டையில் விரல்கடை இடைவெளி விட்டு இரண்டு நூல்களும் ஏறிப் போகும். தோளுக்குப் பின்னால் போர்டு, எலும்பு மேல் மோட்டார். சதையில் வைத்தால் கூச்சமாக இருக்கிறது, எலும்பில் வைத்தால்தான் உறைக்கிறது என்று அம்சவள்ளியே இடம் காட்டினாள். போர்டில் ஒரு பச்சை விளக்கு, கடுகளவு. அது எரிந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். தொட்டில் பெட்டிக்கு வீட்டில் காது என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் தடவை அது அதிர்ந்தபோது அம்சவள்ளி கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளை வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தது. அதைத் தூக்கினாள், அதிர்வு நின்றது. மறுபடி கீழே விட்டாள், கத்தியது, அதிர்ந்தது. தூக்கினாள், நின்றது. அன்றைக்கு அந்தப் பிள்ளையை அவள் படுத்திய பாட்டைப் பார்த்து சல்மா, "பொம்ம கெடச்ச புள்ள மாதிரி ஆடுறா பாரு," என்றாள். அம்சவள்ளிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிள்ளை தன்னைக் கூப்பிடுகிறான், கூப்பிடுவது தனக்குத் தெரிகிறது என்று கையால் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அதன் பிறகு சமைக்கும்போதும் துவைக்கும்போதும் அவள் நைட்டிக்குள்ளே அந்த உள்பாடி இருந்தது. ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. செல்வகுமாரிக்குத் தலைகால் புரியவில்லை. விசேஷத்தன்று எல்லார் எதிரிலும் சோதித்துப் பார்க்கலாம் என்று மணவாளனுக்குப் போன் போட்டுச் சொன்னதே அவள்தான். தோற்றால் பிள்ளையைக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னாள். யாரும் கேட்காமல் தானாகச் சொன்னாள்; தங்கச்சிக்கே பிறகுதான் கையால் தெரிவித்தாள். தோற்போம் என்ற நினைப்பு இருந்தால்தானே வாயை அடக்கத் தோன்றும்?

விசேஷத்தன்று வீடு கொள்ளாத கூட்டம். காலையிலேயே உள்பாடியைப் போட்டுவிட்டு, காதுக்கு எதிரில் கையைத் தட்டிப் பார்த்தாள் செல்வகுமாரி. தோள் அதிர்ந்தது, பச்சை விளக்கு எரிந்தது. பிறகு ரவிக்கை, பிறகு பட்டுப்புடவை. கல்யாணப் பட்டு கனமானது, முந்தானை சரிந்துகொண்டே இருந்தது. வெளியே, "நாழியாவுது, பொண்ணை இட்டாங்க," என்று குரல் கேட்டது. செல்வகுமாரி முந்தானையை மடிப்பு எடுத்து இடது தோளில் வைத்து, பெரிய ஊக்காக ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, எந்தப் பெண்ணும் செய்கிற மாதிரி, உள்ளே இருக்கும் பட்டை நழுவி வெளியே தெரியாமலிருக்க அதையும் சேர்த்துப் பிடித்துக் குறுக்காகக் குத்தினாள். வயதுக்கு வந்த நாளிலிருந்து தனக்கும் தங்கச்சிக்கும் இப்படித்தான் குத்தி வந்திருக்கிறாள். கை பாட்டுக்குச் செய்தது. அவள் மனசு அப்போது ஹாலில் இருந்தது.

பேர் வைத்தார்கள். தமிழ்க்குமரன். தனக்கொடி தேர்ந்தெடுத்த பெயர், எல்லாருக்கும் பிடித்துப்போனது. சாப்பாட்டுக்கு முன்னால் மணவாளன் எழுந்து நின்றார்.

"புள்ள தொட்டில்ல இருக்கட்டும். அம்சா உள்ள இருக்கட்டும். அழுவும்போது ஒருத்தரும் போயி சொல்லக் கூடாது. செல்வகுமாரி, நீயுந்தாம்மா."

"நான் இங்கியே நிக்கிறன் மாமா," என்றாள் அவள், பரீட்சையில் பதில் தெரிந்த பிள்ளையின் தோரணையில்.

கூட்டத்தில் மிரண்டிருந்த பிள்ளைக்கு அழுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சிணுங்கி, விம்மி, பிறகு வீறிட்டான். காது தொட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. செல்வகுமாரி அடுக்களைத் திரையைப் பார்த்தாள். இதோ வருவாள். இதோ.

திரை அசையவில்லை. அதன் இடுக்கு வழியாக அம்சவள்ளியின் முதுகு தெரிந்தது. தாம்பூலத் தட்டில் வெற்றிலையைக் காம்பு கிள்ளி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வாழைப்பழத்தை இப்படி வைத்துப் பார்த்தாள், அப்படி வைத்துப் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பியபோது முகம் தெரிந்தது, சிரித்த முகம். புதுப் பட்டும் நல்ல நாளும் தந்த சிரிப்பு. பிள்ளை இங்கே குரல் கம்மிப்போய்க் கத்துகிறான்.

செல்வகுமாரிக்கு ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கால் ஒரு அடி நகர்ந்தது. மணவாளன் அவளைப் பார்த்தார். கோபமாக அல்ல, இரக்கத்தோடு பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவள் நின்றுவிட்டாள். ஒரு கிழவர், "போதும்பா, கொழந்த பாவம்," என்றார். அரிகரன் வாசற்பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தாங்க முடியாமல் எழுந்தது தனக்கொடிதான். "ஒன் பரீச்சையில நெருப்ப வெக்க!" என்று புருஷனைப் பார்த்துக் கத்திவிட்டுப் பிள்ளையை வாரி எடுத்தாள். "இன்னாடா என் ராசா, இன்னாடா குமரா, தோ வந்துட்டேன்டா," என்று அவள் சொல்லச் சொல்ல, விக்கி விக்கிக் குரல் அடங்கியது.

அப்போதுதான் தாம்பூலத் தட்டோடு அம்சவள்ளி வெளியே வந்தாள். வீடு முழுக்கத் தன்னையே பார்ப்பதைக் கண்டாள். பிள்ளையின் சிவந்த முகத்தைக் கண்டாள். தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு இடது தோளில் கை வைத்தாள்.

செல்வகுமாரி பாய்ந்து போய் அவள் முதுகுப் பக்கம் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். பச்சை விளக்கு எரியவில்லை. "எங்கியோ நூல் வுட்டுப்போச்சு மாமா, ஒரு நிமிசம், ஒரே நிமிசம் பாத்துடறன்," என்று கெஞ்சினாள்.

"எம்மா, நான் ஒன்னைக் கொற சொல்லல. நூலு வுட்டுதா இன்னான்னு எனக்குத் தெரியாது. புள்ள அழுதுச்சி, அவ வரல. அவ்ளோதான எனக்குத் தெரியும்?" என்றார் மணவாளன்.

அம்சவள்ளி பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பால் கொடுத்தாள். வெளியே வந்தபோது கண்ணில் தண்ணீர் இல்லை. யாரும் கேட்பதற்கு முன்பே போய்த் தனக்கொடியின் மடியில் பிள்ளையைக் கிடத்தினாள். கார் கிளம்பி, திருப்பம் திரும்பி, தெரு வெறிச்சோடும்வரை வாசலில் நின்றாள். பக்கத்தில் அரிகரன் நின்றான். நின்றான் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புடவையை அவிழ்த்துவிட உட்கார்ந்தாள் செல்வகுமாரி. அம்சவள்ளி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையால் மெதுவாகச் சொன்னாள். அவன் கூப்பிட்டிருக்கிறான், எனக்குத் தெரியவில்லை. காதுதான் செவிடு என்று இருந்தேன். உடம்பும் செவிடு.

செல்வகுமாரி தோளிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். ரவிக்கைத் துணிக்கு அடியில் பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது.

முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊக்கை அதே ஓட்டையில் திரும்பக் குத்தினாள். புள்ளி அணைந்தது. எடுத்தாள். எரிந்தது. போகிற நூலையும் வருகிற நூலையும் அந்த இரும்பு ஊக்கு குறுக்கே படுத்து ஒன்றாகச் சேர்த்திருந்தது. நூல் எங்கேயும் அறுந்துபோகவில்லை. போர்டிலும் குற்றமில்லை. அம்சவள்ளியின் உடம்பிலும் குற்றமில்லை. குத்திய கைதான்.

அம்சவள்ளி திரும்பிப் பார்த்து, என்ன என்று கேட்டாள். செல்வகுமாரி ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். ஒரு பொய் சொல்லத் தலையாட்டினால் போதும் என்பது எவ்வளவு வசதி பாருங்கள்.

அந்த வாரமே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்க ஆரம்பித்தாள். யோசித்தவள் சொல்ல மாட்டாள், அதுதான் உலக வழக்கம். இவளைத் தவிர அம்சவள்ளிக்கு யார் இருக்கிறார்கள், அந்த நம்பிக்கையும் போய்விட்டால் என்ன செய்வாள் என்று தனக்குத் தானே நல்ல காரணமாகச் சொல்லிக்கொண்டாள். உண்மையான காரணம் பயம். அரிகரனிடம் மட்டும் ஒரு நாள் சாடையாகத் தொடங்கினாள். அவன், "ஆனது ஆச்சி அண்ணி. இப்பதான் அவ ரெண்டு வாய் சோறு துன்றா. கெளறாதீங்க," என்றான். கிளறாதே என்று சொல்ல ஒருவர் கிடைத்தது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இந்த நிம்மதியை நினைத்துத்தான் பிற்பாடு அவள் தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டாள்.

தனக்கொடி போனில் சொல்லியிருந்தாள், கொஞ்ச நாள் வராமல் இருந்தால் பிள்ளை பழகிக்கொள்ளும், ஆடி கழித்து வாருங்கள் என்று. அதற்குள் அம்சவள்ளிக்குப் பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகிவிட்டது. பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னது சல்மாதான். செல்வகுமாரி மார்க்கெட்டுக்குப் போய் உதிரிப்பூ கேட்டாள்.

"இன்னாக்கா, வூட்ல விசேஷமா?" என்றாள் பூக்காரி.

"ஆமா," என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள். தங்கச்சியின் மார்பில் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். வீடெல்லாம் கல்யாண வீட்டு வாசனை அடித்தது. அம்சவள்ளி ஜன்னல் பக்கம் பார்த்தபடி கட்ட விட்டாள். நாளாக நாளாகப் பால் வற்றியது.

ஆவணி பிறந்த சமயம், ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் செல்வகுமாரி பார்த்தாள். இடது தோள் எலும்பைச் சுற்றிக் கன்றிப்போன தழும்புகள். சில பழசு, மஞ்சளித்திருந்தன. சில நேற்றையது. கிள்ளிய தடம். ஓரிடத்தில் சூடு பட்ட கொப்புளம்.

முன்னால் வந்து, இது என்ன என்று கேட்டாள். அம்சவள்ளி வெட்கப்பட்டாள். பிறகு கையால் சொன்னாள். தினமும் கிள்ளிப் பார்க்கிறேன். கரண்டியைச் சுட வைத்துப் பார்த்தேன். வலிக்கத்தான் செய்கிறது. அப்புறம் ஏன் அன்றைக்கு மட்டும் எனக்குத் தெரியவில்லை? அந்த இடத்தில் தோல் அவ்வப்போது செத்துப் போகிறதா? உனக்குத் தெரிந்த டாக்டர் யாராவது இருக்கிறாரா?

இதற்கு மேல் மறைப்பவள் மனுஷியே இல்லை. செல்வகுமாரி பெட்டியிலிருந்து உள்பாடியை எடுத்து வந்தாள். ஸ்விட்சைப் போட்டாள். பச்சை எரிந்தது. ஊக்கைக் குத்தினாள். அணைந்தது. எடுத்தாள். எரிந்தது. பிறகு ஊக்கைக் காட்டி, தன் கையைக் காட்டி, தங்கச்சியின் தோளைக் காட்டினாள்.

அம்சவள்ளி ஊக்கை வாங்கித் தானே குத்திப் பார்த்தாள். எடுத்துப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. தன் தோளைத் தானே தடவிக் கொடுத்துக்கொண்டாள், அடித்துவிட்ட பிள்ளையைத் தடவுகிற மாதிரி. அப்புறம்தான் நிமிர்ந்து கேட்டாள். உனக்கு எப்போது தெரியும்?

அன்றைக்கே, என்றாள் செல்வகுமாரி.

அடித்திருந்தால்கூட அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். அம்சவள்ளி அடிக்கவில்லை. உள்பாடியைப் போட்டு, மேலே ரவிக்கை போட்டு, பழைய நூல் புடவையை ஊக்கு எதுவும் இல்லாமல் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். காதை எடுத்து அக்காவின் கையில் திணித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். செல்வகுமாரி பின்னால் ஓடினாள்.

பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். அம்சவள்ளி ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. வழியெல்லாம் கரும்பு ஆளுயரத்துக்கு நின்றது.

மணவாளன் வீட்டு முற்றத்தில் தனக்கொடி பிள்ளையை இடுப்பில் வைத்துக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை சதை போட்டிருந்தான். கீழே ஒரு பல் எட்டிப் பார்த்தது. மணவாளன் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். செல்வகுமாரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஊக்கைச் சொன்னாள். அதைவிடக் கஷ்டமான இன்னொன்றையும், ஆடி முழுக்கத் தான் வாயைத் திறக்காததையும் சொன்னாள்.

மணவாளன் கட்டிலை விட்டு எழுந்தார். "நீ சொல்றது நெசம்தாம்மா," என்றார். "அன்னிக்கி ஊக்கு. நாளிக்கி இன்னா? தண்ணி பட்டாக்கா? நூலு தேஞ்சாக்கா? ஊக்கு இல்லாத பொம்பள எந்த வூட்ல இருக்கா?"

"நீ சும்மா இருய்யா," என்றாள் தனக்கொடி. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்தாள். அதற்குத் தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டாள். "அவ மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சப்புறம் நான் எப்பிடி வெச்சிக்கிறது? பெத்தவ வயித்தெரிச்சல் எனக்கு வேணாம். இந்தாடி அம்சா. ஒம்புள்ள."

அம்சவள்ளி இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தான். உற்றுப் பார்த்தான். கீழுதடு பிதுங்கியது. வீல் என்று கத்தினான்.

அவள் தோள் அதிர்ந்தது.

அந்த ஒரு கணம் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் செல்வகுமாரியால் சாகிறவரைக்கும் மறக்க முடியாது. தோளைக் காட்டினாள். தெரிகிறது, தெரிகிறது என்று தனக்கொடியிடமும் மணவாளனிடமும் தொண்டையால் ஒலி எழுப்பிச் சொன்னாள். நூல் புடவைக்கு அடியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. மோட்டார் விடாமல் துடித்தது. நிற்கவே இல்லை. முன்பெல்லாம் தூக்கினால் நிற்கும். இப்போது தூக்கித்தான் வைத்திருக்கிறாள்.

அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தட்டினாள். உலாத்தினாள். மரத்தடிக்குப் போய்க் கன்றுக்குட்டியைக் காட்டினாள். பிள்ளை வில்லாக வளைந்து தனக்கொடியின் பக்கம் கையை நீட்டிக் கத்தினான். பொறுக்காமல் தனக்கொடி, "குமரா, இன்னாடா," என்று ஒரு வார்த்தை சொன்னாள். அழுகை சட்டென்று நின்றது. தோளும் நின்றது. அம்சவள்ளி திரும்பி அவள் வாயைப் பார்த்தாள். தனக்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுபடி அழுகை, மறுபடி அதிர்வு.

"நான் இங்க நின்னாக்கா அவன் அடங்க மாட்டான்," என்று சொல்லித் தனக்கொடி கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நியாயமாக நடந்துகொள்ளத்தான் போனாள். அவள் மறைந்ததும் பிள்ளை மூச்சு முட்ட அழுதான். அம்சவள்ளி திண்டாடிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்து மார்பைக் கொடுத்தாள். அவன் கவ்வினான், இழுத்தான், ஒன்றும் வராமல் விட்டுவிட்டுத் தலையை உதறினான். மோட்டார் எலும்பில் இடித்துக்கொண்டே இருந்தது. தன் கைக்குள் இருக்கும் பிள்ளை தன்னிடமிருந்து போக வேண்டும் என்று அழுவதை அது ஒரு நொடி விடாமல் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. காது கேட்கிற தாயாவது வேறு எதையாவது பேசி அதை மறைத்துக்கொள்வாள்.

அவள் எழுந்தாள். கொல்லைப்பக்கம் நடந்தாள். வைக்கோல் போரண்டை முகத்தை மூடி நின்ற தனக்கொடியின் தோளைத் தொட்டுத் திருப்பி, பிள்ளையை அவள் இடுப்பில் வைத்தாள்.

பின்னாலேயே வந்த செல்வகுமாரி கையில் காதைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை இரண்டு விக்கல் விக்கி அடங்கி, தனக்கொடியின் தாலிச்சரட்டைப் பிடித்து வாயில் வைத்தான். அம்சவள்ளியின் தோளும் அடங்கியது. அவள் அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்துத் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பைப் பார்த்ததும் இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து செல்வகுமாரி ஓவென்று கதறினாள்.

கையிலிருந்த காது அதையும் கேட்டது. அம்சவள்ளிக்குத் தோள் குலுங்கியது. பதறிப்போய்ப் பிள்ளையைப் பார்த்தாள். அவன் எச்சில் ஒழுகச் சரட்டைச் சப்பிக்கொண்டிருந்தான். பிறகுதான் அக்காவைப் பார்த்தாள். வாய் கோணி, மூக்கு ஒழுகி அழுதுகொண்டிருந்த அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ரவிக்கைக்கு அடியில் கையை விட்டு ஸ்விட்சை அணைத்தாள். திரும்பிப் பஸ் நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்தாள்.